பரிவுக் கட்டமைப்பு வரைவது எப்படி: எண்ணிவிட்டுக் கோடு போடுங்கள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஏழெட்டு உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கரும்பலகை, இரண்டு வாங்கு, மாரியில் சாரல் அடிக்கும், அவ்வளவுதான் வசதி. "காபனேற்று அயனின் பரிவுக் கட்டமைப்புகளை வரையுங்கள்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பென்சில்கள் ஓடத் தொடங்கிவிடும். நடுவில் ஒரு காபன், சுற்றிவர மூன்று ஒட்சிசன், எங்கேயோ ஒரு இரட்டைக்கோடு, ஓரங்களில் கொஞ்சம் புள்ளிகள். ஏன் அந்த இடத்தில் அந்தக் கோடு என்று கேட்டால், "அப்பிடித்தான் அண்ணா பாடமாக்கினனாங்கள்" என்பார்கள். காபனேற்றுக்கு அந்தப் பாடம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன்பின் காணாத ஒரு மூலக்கூற்றைத் தந்து வரையச் சொன்னால் அதே பிள்ளை அழிறப்பரைத் தேடத் தொடங்கும்.

ஒரு மூலக்கூற்றையோ அயனையோ ஒரே படத்தில் காட்ட முடியாதபோது, அணுக்களை அசைக்காமல் இலத்திரன்களை மட்டும் இடம் மாற்றி வரையும் பல படங்கள்தான் பரிவுக் கட்டமைப்புகள். இங்கே சொல்லப்போவது அவற்றைப் பாடமாக்காமல் வரையும் வழி. அதிகம் ஒன்றுமில்லை, கோடு போடுவதற்கு முன் இலத்திரனை எண்ண வேண்டும். நான் இதுவரை திருத்திய கொப்பிகளில் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை எண்ணாமல் வரைந்ததால் வந்தவை.

சொற்களைப் பற்றி ஒன்று. நாங்கள் பரிவு, இலத்திரன், ஒட்சிசன், காபன் என்று சொல்வதை யூடியூப்பில் இந்தியத் தமிழ் வகுப்புகளில் உடனிசைவு, எலக்ட்ரான், ஆக்சிஜன், கார்பன் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். கொப்பியில் வரையும்போது வழக்கம்போல மூலகக் குறியீடுகளையே எழுதுங்கள். நான் இங்கே வாயால் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறேன், பக்கத்தில் ஒரு கடதாசி வைத்துக்கொண்டு வாசித்தால்தான் பிடிபடும்.

சரி, காபனேற்றிலேயே தொடங்குவோம். நிலாவெளிப் பக்கம் நடந்தால் காலில் குத்துகிற சிப்பி ஓடு, புறாமலையைச் சுற்றி நிற்கும் முருகைக்கல், வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைச் சுட்டெடுக்கும் கல் எல்லாமே பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத்தான். (புறாமலை 2003 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டையும் எடுத்து வராதீர்கள். கரையில் ஒதுங்கிய சிப்பி போதும்.) அந்தச் சிப்பியின் மேல் தேசிக்காய்ப் புளியை ஒரு சொட்டு விட்டால் மெல்ல நுரைக்கும், காபனேற்று உடைந்து காபனீரொட்சைட்டு வெளியே போகிறது. அந்த அயனுக்குள் இலத்திரன்கள் எப்படி இருக்கின்றன என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் எண்ணிக்கை. வலுவளவு ஓட்டில், அதாவது அணுவின் வெளி ஓட்டில், காபனுக்கு 4, ஒட்சிசனுக்கு 6 இலத்திரன். மூன்று ஒட்சிசன் என்றால் 18. காபனின் 4 ஐச் சேர்த்தால் 22. அயனின் ஏற்றம் இரண்டு மறை, அதாவது வெளியிலிருந்து வந்த இரண்டு இலத்திரன்கள், ஆக 24. பாதியாக்கினால் 12 சோடி. இந்த 12 ஐக் கடதாசி மூலையில் எழுதி வட்டம் போடுங்கள். கடைசியில் நீங்கள் வரைந்த படத்தில் கோடு ஒவ்வொன்றையும் ஒரு சோடியாகவும் தனிச்சோடி (பிணைப்பில் சேராத சோடி) ஒவ்வொன்றையும் ஒரு சோடியாகவும் எண்ணினால் இந்த 12 வர வேண்டும், பதினொன்றும் கூடாது பதின்மூன்றும் கூடாது. நேர் ஏற்றமுள்ள அயன் என்றால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். மறை ஏற்றம் என்றால் கூட்டல், நேர் ஏற்றம் என்றால் கழித்தல். பெயரைப் பார்த்துப் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இலத்திரனே மறை ஏற்றமுள்ளது, அது கூடினால்தான் அயன் மறையாகும் என்று ஒருமுறை யோசித்தால் போதும்.

இரண்டாவது வன்கூடு, எந்த அணு எதனோடு என்பது. பொதுவாக மின்னெதிர்த்தன்மை (பிணைப்பு இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும் தன்மை) குறைந்தது நடுவில் உட்காரும், ஐதரசன் ஒருபோதும் நடுவில் வராது. இங்கே நடுவில் காபன். மூன்று ஒட்சிசனுக்கும் ஒவ்வொரு ஒற்றைக்கோடு போட்டால் 3 சோடி செலவு, மிச்சம் 9. இந்த மிச்சத்தை முதலில் ஓரத்து அணுக்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஒட்சிசனுக்கும் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது, வெளி ஓட்டில் எட்டு இலத்திரனை நிரப்ப இன்னும் மூன்று சோடி வேண்டும். மூன்று தரம் மூன்று ஒன்பது. கையிருப்பு தீர்ந்தது.

இப்போது நடுவைப் பாருங்கள். காபனைச் சுற்றி மூன்று கோடு, ஆறு இலத்திரன், இரண்டு குறைகிறது. புதிதாகப் போட ஒன்றுமில்லை, ஆகவே ஏதோ ஒரு ஒட்சிசன் தன் தனிச்சோடி ஒன்றைக் காபன் பக்கம் தள்ளி இரட்டைப் பிணைப்பாக்க வேண்டும். எந்த ஒட்சிசன்? பரிவு பிறப்பது இந்தக் கேள்வியில்தான். மூன்று ஒட்சிசனும் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஒன்றைத் தெரிந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை. மேலே இருப்பது தள்ளினால் ஒரு படம், இடப்பக்கத்தது தள்ளினால் இன்னொன்று, வலப்பக்கத்தது தள்ளினால் மூன்றாவது. மூன்றையும் வரைந்து இடையில் இரு முனையுள்ள அம்புக்குறி ↔ போட்டு, அயன் என்பதால் ஒவ்வொன்றையும் சதுர அடைப்புக்குள் வைத்து ஏற்றத்தை வெளியே எழுதினால் விடை முடிந்தது. அடைப்பை மறந்தால் பரீட்சையில் புள்ளி போகலாம், வீணாகப் போகிற புள்ளி.

அம்புக்குறி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சமநிலைக்குப் போடுகிற ⇌ வேறு, இது வேறு. முதலாவது சமநிலையில் இரண்டு வெவ்வேறு பதார்த்தங்கள் ஒன்றிலிருந்து ஒன்று உண்டாகிக்கொண்டிருக்கின்றன. ↔ குறியில் இருப்பது ஒரே பதார்த்தம்தான், அதை ஒரு படத்தில் வரைய எங்கள் கோட்டுக்கு வக்கில்லை என்பதால் மூன்று படத்தில் வரைகிறோம். போன வருடம் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அப்ப அண்ணா, இந்த மூண்டுல எது உண்மை? இல்லாட்டி மாறி மாறி வருதா?" நல்ல கேள்வி, ஏனென்றால் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்கள்.

மாறி மாறி வரவில்லை. உப்புவெளிக் கரையில் நின்று கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையைப் பார்த்தால் ஒரு வடிவம், டச்சுக்குடாவில் நின்று பார்த்தால் வேறு வடிவம். இரண்டு படமும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் வெளியூர்க்காரர் இரண்டு மலை என்றுகூடச் சொல்லலாம். மலை காலையில் ஒரு மாதிரியும் பின்னேரம் ஒரு மாதிரியும் திரும்பி நிற்பதில்லை, எப்போதும் ஒரே மலைதான். இந்த உவமையிலும் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: மலையின் படம் இரண்டும் உண்மையாக எடுத்த படங்கள், ஆனால் காபனேற்றின் மூன்று படங்களில் ஒன்றுகூட உண்மையில் இருக்கும் அயனின் படம் இல்லை. உண்மையான அயனில் மூன்று பிணைப்பும் ஒரே நீளம், ஒவ்வொன்றும் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் பிணைப்பு, ஒவ்வொரு ஒட்சிசனிலும் மூன்றில் இரண்டு பங்கு மறை ஏற்றம். அதற்குத்தான் பரிவுக் கலப்பு என்று பெயர். அளந்தும் பார்த்திருக்கிறார்கள்: கல்சைற்றுப் பளிங்கில் மூன்று காபன்–ஒட்சிசன் பிணைப்பும் ஏறத்தாழ 129 பிக்கோமீற்றர். சாதாரண ஒற்றைப் பிணைப்பு 143 அளவில் இருக்கும், இரட்டை 121 அளவில். இரண்டுக்கும் நடுவில், இரட்டைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

மூன்று ஒட்சிசன் சேர்ந்த ஓசோனிலும் இதே கதை. 18 இலத்திரன், 9 சோடி, வன்கூட்டுக்கு 2, ஓரத்து ஒட்சிசன் இரண்டுக்கும் மூன்று மூன்றாக 6, மிச்சம் ஒன்று நடுவுக்கு. நடுவில் ஆறுதான் சேரும், ஒரு ஓரம் ஒரு சோடியைத் தள்ள வேண்டும். இடமா வலமா, இரண்டு படம். ஒட்சிசன் வாயுவின் இரட்டைப் பிணைப்பு 121 பிக்கோமீற்றர், ஐதரசன் பரவொட்சைட்டின் ஒற்றைப் பிணைப்பு ஏறத்தாழ 147, ஓசோனின் இரண்டு பிணைப்பும் 128. ஒரு பக்கம் நீளம் மற்றப் பக்கம் கட்டை என்று இருந்திருந்தால் தனிப்படம் ஒன்றே போதும், பரிவு என்ற பேச்சே எழுந்திருக்காது.

முறைமை ஏற்றம்

எல்லாப் படமும் சமமாக இல்லாதபோது எது நல்ல படம் என்று தீர்மானிக்க ஒரு கணக்கு வேண்டும். அதுதான் முறைமை ஏற்றம். உப்புவெளியிலிருந்து ரவுணுக்கு இரண்டு பேர் ஓட்டோவில் வந்தால் கூலியைப் பாதி பாதி போடுவது போல, ஒவ்வொரு பிணைப்பிலும் உள்ள இரண்டு இலத்திரனை இரண்டு அணுவுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரிக்கிறோம். தனிச்சோடி முழுவதும் வைத்திருப்பவருக்கே. பிறகு அந்த அணு வரும்போது கொண்டுவந்தது எத்தனை, இப்போது கணக்கில் இருப்பது எத்தனை என்று பார்க்கிறோம். சூத்திரமாகச் சொன்னால், வலுவளவு இலத்திரன் எண்ணிக்கையிலிருந்து தனிச்சோடி இலத்திரன்களின் எண்ணிக்கையைக் கழி, பிறகு கோடுகளின் எண்ணிக்கையைக் கழி.

காபனேற்றின் ஒற்றைக்கோட்டு ஒட்சிசன்: 6 − 6 − 1, அதாவது −1. இரட்டைக்கோட்டு ஒட்சிசன்: 6 − 4 − 2, பூச்சியம். காபன்: 4 − 0 − 4, பூச்சியம். எல்லாவற்றையும் கூட்டினால் −2, அயனின் ஏற்றம். கூட்டுத்தொகை அயனின் ஏற்றத்தோடு பொருந்தாவிட்டால் படத்தில் எங்கோ ஒரு சோடி குறைகிறது அல்லது கூடிவிட்டது. பரீட்சை மண்டபத்தில் உங்கள் விடையை நீங்களே திருத்திக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

ஒன்றை மறக்க வேண்டாம், இது காகிதக் கணக்கு. அணுவில் உண்மையாக அந்த அளவு ஏற்றம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கூலி எவ்வளவு நியாயமாகப் பிரிந்திருக்கிறது என்று பார்க்க மட்டுமே.

என் சொந்தக் கதை ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தவணைப் பரீட்சையில் நைத்திரேற்று அயன் வந்தது. நைதரசனில் +1 ஏற்றம் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பூச்சியமாக்கிக் காட்டுகிறேன் என்று இன்னொரு ஒட்சிசனிலிருந்தும் ஒரு சோடியை இழுத்து, நைதரசனுக்கு இரண்டு இரட்டைக்கோடும் ஒரு ஒற்றைக்கோடும் போட்டேன். ஐந்து கோடு, பத்து இலத்திரன். கணக்குச் சுத்தமாக வந்தது, கூட்டுத்தொகை −1, பெரிய பெருமையோடு கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் அந்த நைதரசனைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் போட்ட வட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நைதரசன் இரண்டாம் ஆவர்த்தனம், அதன் வலுவளவு ஓட்டில் நான்கு ஒழுக்குக்கு (ஒழுக்கு ஒன்றில் ஒரு சோடிதான் இருக்கும்) மேல் இடமில்லை, எட்டுக்கு மேல் அது ஏற்காது. காபன், நைதரசன், ஒட்சிசன், புளோரீன் நான்குக்கும் எட்டுத்தான் உச்சம், எந்த நல்ல காரணத்துக்காகவும் மீற முடியாது. சரியான படத்தில் நைதரசனுக்கு +1, இரண்டு ஒட்சிசனுக்கு −1 −1, மூன்றாவதுக்குப் பூச்சியம். மூன்று படம், காபனேற்றைப் போலவே 24 இலத்திரன்.

எட்டுக்குக் குறைவாக நிற்கலாமா என்றால் போரன் நிற்கும். போரன் முப்புளோரைட்டில் போரனைச் சுற்றி ஆறுதான். காபனுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள். காபனோரொட்சைட்டைப் பாருங்கள்: 10 இலத்திரன். இரட்டைக்கோடு போட்டால் இரண்டு அணுவிலும் முறைமை ஏற்றம் பூச்சியம், அழகாக இருக்கும், ஆனால் காபனுக்கு ஆறு இலத்திரன்தான். மும்மைக்கோடு போட்டால் இரண்டுக்கும் எட்டு நிரம்பும், ஆனால் காபனில் −1, ஒட்சிசனில் +1, பார்க்கவே தலைகீழ். எது சரி? மும்மை. பிணைப்பு நீளம் 113 பிக்கோமீற்றர், காபனீரொட்சைட்டின் இரட்டைப் பிணைப்பான 116 ஐவிடக் கட்டை. மூலக்கூற்றின் இருமுனைவும் (ஒரு முனை மறையாகவும் மற்றது நேராகவும் நிற்பது) மிகச் சிறியது, அதிலும் மறை முனை காபன் பக்கம்தான். ஆகவே முதலில் எட்டு நிரம்ப வேண்டும், முறைமை ஏற்றம் குறைவதெல்லாம் பிறகு.

இனி எது உறுதியானது என்று தெரிவு செய்ய வேண்டிய இடம். பரீட்சையில் "பரிவுக் கட்டமைப்புகளை வரைந்து சார்பு உறுதி பற்றிக் கூறுக" என்று கேட்பது இந்த மாதிரி மூலக்கூறுகளுக்குத்தான், ஆகவே கொஞ்சம் ஆறுதலாகப் போவோம். சிரிப்பூட்டும் வாயு என்கிற இருநைதரசன் ஓரொட்சைட்டை எடுங்கள், பல் ஆஸ்பத்திரிகளில் மயக்கத்துக்குக் கொடுப்பார்கள். வன்கூடு நைதரசன்–நைதரசன்–ஒட்சிசன், ஒரே கோட்டில். ஒட்சிசனை நடுவில் வைக்க ஆசை வரும், சமச்சீராக இருக்கும் என்று. வைத்தால் நடு ஒட்சிசனுக்கு நான்கு கோடு, முறைமை ஏற்றம் 6 − 0 − 4, +2. மின்னெதிர்த்தன்மை கூடிய ஒட்சிசன் +2 ஐச் சுமப்பதாவது, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இலத்திரன் 5 + 5 + 6 = 16, 8 சோடி. வன்கூட்டுக்கு 2, ஓரங்களுக்கு மூன்று மூன்றாக 6, தீர்ந்தது. நடு நைதரசனிடம் நான்கே இலத்திரன், இரண்டு சோடி உள்ளே வர வேண்டும். மூன்று வழி இருக்கிறது.

இரண்டு ஓரமும் ஆளுக்கொரு சோடி கொடுத்தால் இரண்டு பக்கமும் இரட்டைக்கோடு. ஓர நைதரசன் 5 − 4 − 2 = −1, நடு +1, ஒட்சிசன் 0.

ஓர நைதரசனே இரண்டையும் கொடுத்தால் நைதரசன்களுக்கிடையில் மும்மை, ஒட்சிசனுக்கு ஒற்றை. ஓர நைதரசன் 0, நடு +1, ஒட்சிசன் −1.

ஒட்சிசனே இரண்டையும் கொடுத்தால் ஓர நைதரசன் 5 − 6 − 1 = −2, நடு +1, ஒட்சிசன் 6 − 2 − 3 = +1.

மூன்றாவதில் ஒரே அணுவில் −2, அதற்கு மேல் ஒட்சிசனில் நேர் ஏற்றம், அடுத்தடுத்த இரண்டு அணுவில் நேர் ஏற்றம் வேறு. உறுதியற்றது, காரணம் மூன்றையும் எழுதலாம். முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் ஏற்றத்தின் அளவு ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் மறை ஏற்றம் மின்னெதிர்த்தன்மை கூடிய ஒட்சிசனில் இருக்கிறது, ஆகவே அது கூடுதல் உறுதி. கலப்பில் இரண்டாவதன் பங்கு கூட, முதலாவதன் பங்கும் உண்டு. அளந்தால் நைதரசன்–நைதரசன் நீளம் 113 பிக்கோமீற்றர்: நைதரசன் வாயுவின் மும்மைப் பிணைப்பு 110, இரட்டை ஏறத்தாழ 125. மும்மைக்கு மிகக் கிட்ட, ஆனால் சரியாக மும்மை இல்லை. கணக்கும் அளவும் இப்படி ஒத்துப்போகிற இடத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோசம், பிள்ளைகளுக்கு அவ்வளவாக இல்லை.

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். பரிவு என்றாலே எல்லாப் பிணைப்பும் சமமாகிவிடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. படங்கள் சமமான உறுதி உள்ளவையாக இருந்தால்தான் அப்படி. ஐதரசன் அசைட்டில் மூன்று நைதரசன் வரிசையாக, ஒரு முனையில் ஐதரசன், 16 இலத்திரன். நீங்களே வரைந்தால் மூன்று படம் வரும். ஐதரசன் பக்கத்து இரண்டு நைதரசனுக்கிடையில் மும்மைக்கோடு போட்ட படத்தில் அடுத்தடுத்து +1, +1, கடைசியில் −2, அதைத் தள்ளிவிடலாம். மிச்ச இரண்டும் ஏற்கத்தக்கவை, ஒன்றில் நைதரசன்களுக்கு 0, +1, −1, மற்றதில் −1, +1, 0. இரண்டிலும் ஐதரசனுக்கு எட்டப் பக்கத்துப் பிணைப்பு இரட்டை அல்லது மும்மை, கிட்டப் பக்கத்தது இரட்டை அல்லது ஒற்றை. அளவும் அப்படியே, எட்டத்தது 113, கிட்டத்தது 124. பரிவு இருக்கிறது, சமம் இல்லை. ஐதரசனை எடுத்துவிட்டு அசைட்டு அயனாக்கினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகி, நீளமும் சமமாகிவிடும்.

அணு அசையக்கூடாது

ஒரு படத்திலிருந்து மற்றதுக்குப் போகும்போது இலத்திரன் மட்டும்தான் இடம் மாறலாம், அதுவும் தனிச்சோடியும் இரட்டை, மும்மைப் பிணைப்பின் மேலதிகச் சோடியும் மட்டுமே. வளைந்த அம்புக்குறி போட்டுப் பழகுங்கள்: வால் சோடி இருக்கும் இடத்தில், தலை அது போய்ச் சேரும் இடத்தில். ஒரு அணுவுக்குள் அம்பு நுழைந்து எட்டு மீறினால் அங்கிருந்து இன்னொரு அம்பு வெளியேற வேண்டும். பஸ்ஸில் இருக்கை நிரம்பினால் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அணுவையே அசைத்துவிட்டால் அது பரிவு அல்ல, வேறு பதார்த்தம். சயனேற்று அயனில் வரிசை ஒட்சிசன்–காபன்–நைதரசன். பல்மினேற்று அயனில் அதே மூன்று அணு, வரிசை மட்டும் காபன்–நைதரசன்–ஒட்சிசன். 1820களில் ஜேர்மனிய இரசாயனவியலாளர்களான வோலர் வெள்ளிச் சயனேற்றையும் லீபிக் வெள்ளிப் பல்மினேற்றையும் பகுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் ஒரே அமைப்பு வீதம் வந்து, ஒருவர் மற்றவர் பிழைவிட்டதாக நினைத்தார். இருவரும் சரிதான். ஒன்று சாதுவான உப்பு, மற்றது தொட்டாலே வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ↔ போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கந்தகவீரொட்சைட்டுக்கு வந்தால் ஒரு சிக்கல் உண்டு. கந்தகம் மூன்றாம் ஆவர்த்தனம் என்பதால் இரண்டு பக்கமும் இரட்டைக்கோடு போட்டு முறைமை ஏற்றம் எல்லாம் பூச்சியமாக்கலாம், கந்தகத்தைச் சுற்றிப் பத்து வரும். ஓசோன் மாதிரி ஒரு பக்கம் மட்டும் இரட்டையாக்கி இரண்டு பரிவுப் படமும் வரையலாம். எது உண்மைக்குக் கிட்ட என்பதில் கணினிக் கணிப்புகள் எட்டு மீறிய படத்துக்குப் பெரிதாக ஆதரவு தருவதில்லை. உயர்தரத்துக்கு இந்த விவாதம் தேவையில்லை, உங்கள் ஆசிரியர் எந்த வழக்கத்தைப் பின்பற்றச் சொல்கிறாரோ அதை எல்லா வினாவிலும் ஒரே மாதிரிப் பின்பற்றுங்கள்.

பரிவால் என்ன வந்துவிட்டது என்று கேட்டால், சமையலறையில் உள்ள வினாகிரியைக் காட்டலாம். அதில் இருக்கும் அசற்றிக் அமிலத்திலும் சாராயத்தில் இருக்கும் எதனோலிலும் ஒட்சிசனோடு ஐதரசன் இருக்கிறது. ஆனால் அமிலமாக எடுத்தால் முதலாவது இரண்டாவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் கோடி மடங்கு வலியது. ஒரு முக்கிய காரணம், ஐதரசன் அயன் போன பிறகு மிஞ்சும் மறை ஏற்றம் அசற்றேற்றில் இரண்டு ஒட்சிசனுக்கும் பாதி பாதியாகப் பரவி விடுகிறது. எதனோலில் மிஞ்சுவது ஒரே ஒட்சிசனில் முழுப் பாரமாகக் கிடக்கிறது. ஆறு காபன் வளையமான பென்சீனின் கணக்கும் இதுதான், அங்கே அதை வெப்பமாகவே அளக்கலாம். ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஆறு காபன் வளையத்துக்கு ஐதரசன் ஏற்றினால் ஒரு மூலுக்கு 120 கிலோயூல் வெளிவரும். பென்சீனில் மூன்று இரட்டைப் பிணைப்பு தனித்தனியாக இருந்திருந்தால் 360 வர வேண்டும், வருவது 208. குறைகிற 152 அளவுக்குப் பென்சீன் ஏற்கெனவே கீழே இறங்கி உறுதியாக இருக்கிறது. இலூயிசு 1916 இல் சோடிப் பிணைப்பை எழுதினார், போலிங் 1930களில் பரிவை வளர்த்தார், 1929 இல் கத்லீன் லொன்சுடேல் எக்ஸ்-கதிரால் பென்சீன் வளையம் தட்டையானது என்று காட்டியிருந்தார். ஆண்டுகளைப் பாடமாக்கச் சொல்லவில்லை, அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கட்டும்.

இந்த முறைக்கு எட்டாத இடங்களும் உண்டு. ஒட்சிசன் வாயுவுக்கு இரட்டைக்கோடு போட்டால் எல்லா இலத்திரனும் சோடியாக நிற்கும், ஆனால் திரவ ஒட்சிசனைக் காந்தத்தின் நடுவே ஊற்றினால் ஒட்டிக்கொண்டு தொங்கும், சோடி சேராத இலத்திரன் இருப்பதற்கு அது அடையாளம். எங்கள் கோட்டுப் படம் அதைக் காட்டாது. நைதரசனீரொட்சைட்டில் 17 இலத்திரன், எண்ணும்போதே ஒற்றை எண் வந்துவிடும். எப்படி வரைந்தாலும் ஒரு இலத்திரன் தனியாக நிற்கும், திருப்பித் திருப்பி எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசியாக, பரீட்சை நேரத்தில் கை நடுங்கினால் இந்த வரிசையைப் பிடியுங்கள்: எண்ணி வட்டம் போடு, வன்கூடு, ஓரத்தை நிரப்பு, நடுவைப் பார், குறைந்தால் இழு, முறைமை ஏற்றம் எழுது, கூட்டிப் பார். கூட்டிப் பார்ப்பதை மட்டும் விடவே கூடாது.

செய்து பார்க்க மேலே சொன்ன சயனேற்று அயனையே எடுங்கள், ஒட்சிசன்–காபன்–நைதரசன், ஏற்றம் −1. 16 இலத்திரன் வர வேண்டும், மூன்று படம் கிடைக்க வேண்டும். காபன்–நைதரசன் மும்மையாக, ஒட்சிசனில் −1 நிற்பது கூடுதல் உறுதி, நைதரசனில் −2 வருவது உறுதியற்றது. நாலாவதாக ஒரு படம் கிடைத்தால் எங்கோ ஒரு அணுவை அசைத்துவிட்டீர்கள் அல்லது எட்டு மீறிவிட்டது, அழித்துவிட்டு வன்கூட்டிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.